பாதி ஷொட்டு, பாதி குட்டு

பகலில் வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை, மாலையில் ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை மேடை என்று ஓடுகிறது அமெச்சூர் நாடக நடிகரின் வாழ்க்கை. சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. பல குழுக்களில் ஆட்டோ காசுகூட அவர் கையிலிருந்துதான் போகும். கைத்தட்டலும் விமர்சனமும்தான் வரவு. அந்த வரவு பாதி ஷொட்டும் பாதி குட்டுமாக வந்தால், தொழில்முறை நடிகரைவிட அவர் அதிகம் ஆடிப்போகிறார். ஒரு விமர்சனம் ‘அப்பா வேடத்துக்கு உயிர் கொடுத்தார்’ என்கிறது. அதே வேடத்தைப் பற்றி இன்னொன்று ‘பாதி வசனத்தை விழுங்கினார்’ என்கிறது. முதலாவதை வீட்டார் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள்; இரண்டாவது அவர் தூக்கத்தைக் கெடுக்கிறது.

தமிழில் இந்தச் சங்கடத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, ‘கூத்தாடிகள் பிழைப்பு’ என்று ஒதுக்கப்பட்டிருந்த மேடையில் படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் வேடம் கட்டினார்கள். முதலியாரே வக்கீல்; பின்னாளில் நீதிபதி. ‘மனோகரா’ முதலிய நாடகங்களை எழுதி நடித்ததோடு நிற்காமல், நடிப்பில் தேர்ச்சி பெறும் வழி பற்றித் தனி நூலும் எழுதினார். பிழைப்புக்காக நடிக்காதவர்களும் நடிப்பை முறையாகக் கற்கத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. பின்னால் வந்த சபா நாடகக் காலத்திலும் இதே கதைதான். ஏ.ஜி. (அக்கவுண்டன்ட் ஜெனரல்) அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் கே. பாலசந்தர். ‘பொழுதுபோக்குத்தானே, போகட்டும்’ என்ற சலுகையைப் பார்வையாளர்கள் அமெச்சூர்களுக்கு எந்தக் காலத்திலும் கொடுத்ததில்லை.

ஒரே நடிப்புக்கு இரண்டு தீர்ப்பு வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. முதல் காரணம் காது. சபா மேடையில் நடிகரின் குரலைப் பிடிப்பவை பெரும்பாலும் முன்விளிம்பில் நிற்கும் மைக்கும் மேலிருந்து தொங்கும் மைக்கும்தான். மகனாக நடிப்பவர் பக்கம் முகத்தைத் திருப்பியவுடன் குரல் மைக்கை விட்டு விலகிவிடும். தமிழ் வாக்கியத்தில் வினையும் மறுப்பும் கடைசியில் வந்து நிற்பதால் ஆபத்து இன்னும் அதிகம். ‘உன்னை நான் போகச் சொல்லலை’ என்று அப்பா தழுதழுத்துக்கொண்டே குரலை இறக்கினால், முன்வரிசைக்கு அது உருக்கம். பின்வரிசைக்கோ கடைசி ‘லை’ போய்ச் சேராது. மகனை வீட்டை விட்டுப் போகச் சொன்ன அப்பாவாகவே அவர் தெரிவார். உயிர் கொடுத்தார் என்று எழுதியவரும் வசனத்தை விழுங்கினார் என்று எழுதியவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் உட்கார்ந்த இடம் வேறு.

இரண்டாவது காரணம் எதிர்பார்ப்பு. ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் ‘கடற்பறவை’ 1896-ல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய இரவு, மக்களுக்குப் பிடித்த நகைச்சுவை நடிகை ஒருவரின் கௌரவத்துக்காக நடந்த காட்சி. சிரிக்க வந்த கூட்டம் நாடகத்தைக் கேலி செய்து தீர்த்தது. அடுத்து வந்த காட்சிகளுக்கு வேறு கூட்டம் வந்தது, வரவேற்பும் மாறியது. 1898-ல் மாஸ்கோ கலை அரங்கு அதே நாடகத்தைப் போட்டபோது பெரும் வெற்றி. காமெடி நாடகம் என்று நினைத்துக் குடும்பத்தோடு வந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முன் கனமான வேடம் கட்டும் நம்மூர் நடிகருக்கு நேர்வதும் இதுதான்.

மூன்றாவது காரணம் நாள். விமர்சகர்கள் பெரும்பாலும் அரங்கேற்றத்துக்குத்தான் வருகிறார்கள். அன்றைக்கு வசனம் வாயில் முழுதாகப் படிந்திருக்காது. எந்த இடத்தில் சிரிப்பு வரும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. லைட் ஒரு நொடி தாமதமாக அணையும். இவையெல்லாம் சரியான பிறகு நாடகத்தைப் பார்க்க அவர்களில் பலர் வருவதில்லை.

காரணம் புரிந்தாலும் வலி போவதில்லை. நல்லதைவிடக் கெட்டதுதான் மனத்தில் ஆழமாகப் பதியும் என்பதை 2001-ல் ராய் பௌமைஸ்டரும் சக உளவியலாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். பத்துப் பாராட்டுக்கு நடுவே வந்த ஒற்றை வரியை நடிகர் மனப்பாடமாகச் சொல்வது அவருடைய பலவீனம் அல்ல. மனித மனத்தின் வழக்கம். இதைவிடப் பயன்படும் செய்தி 1996-ல் குளூகர், டெனிசி ஆகிய இருவர் வெளியிட்ட தொகுப்பாய்வில் இருக்கிறது. ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடம் சொல்லப்படும் கருத்து சராசரியாக நன்மையே செய்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சமயங்களில் அது வேலையைக் கெடுத்திருக்கிறது. கருத்து வேலையை விட்டு ஆளின் மீது பாயும்போது கெடுதல் கூடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

விமர்சனத்தைப் பிரித்துப் படிக்கும் வழி இங்கிருந்துதான் கிடைக்கிறது. ‘இவருக்கு நடிப்பே வராது’ என்பது ஆளைப் பற்றியது. அதை வைத்துக்கொண்டு அடுத்த ஒத்திகையில் செய்ய எதுவும் இல்லை. ‘பிறவி நடிகர்’ என்பதும் அதே கணக்கில்தான் சேரும். ‘இரண்டாம் காட்சியில் கடிதம் படிக்கும்போது கேட்கவில்லை’ என்பது வேலையைப் பற்றியது. அதைத் திருத்தலாம். டைரக்டர் நாற்காலியை இரண்டடி முன்னால் போடச் சொல்வார், அல்லது கடிதத்தை மார்புக்குக் கீழே இறக்கிப் பிடிக்கச் சொல்வார். இரண்டு விமர்சனங்கள் முரண்பட்டாலும் ஒரே காட்சியைச் சுட்டினால் அந்தக் காட்சியில் ஏதோ இருக்கிறது என்று பொருள். மிகையாக இருந்தது என்று ஒருவரும் மந்தமாக இருந்தது என்று ஒருவரும் சொன்ன இடத்தில், பெரும்பாலும் நடிகருக்கே என்ன செய்கிறோம் என்பது முடிவாகியிருக்காது.

இப்படிக் கிடைத்த குறைகளை எழுதிவைப்பதும் பழைய வழிதான். ரஷ்ய நடிகரும் இயக்குநருமான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி மாஸ்கோவில் தங்க, வெள்ளிச் சரிகை நூல் தயாரித்த பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. ஆலை வேலையைக் கவனித்துக்கொண்டே பல வருடம் அமெச்சூராக நடித்தவர். பதினான்கு வயதிலிருந்தே தன் நடிப்பின் குறைகளை நோட்டுப் புத்தகங்களில் குறித்து வந்தார். உலகம் பின்னால் படித்த நடிப்பு முறைக்கு விதை அந்தக் குறிப்புகளில் இருக்கிறது.

விமர்சனமே படிக்க வேண்டாம், டைரக்டர் சொல்வது போதும் என்று நினைக்கும் நடிகர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் விமர்சனத்தைப் படித்தாலும் படிக்காவிட்டாலும், உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. லண்டன் வெஸ்ட் எண்ட் அரங்கில் தொழில்முறை நடிகருக்கு வழக்கமாக வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். காலையில் குட்டு வாங்கினால் மாலையில் திருத்திப் பார்க்கலாம். இங்கே அமெச்சூர் நாடகத்துக்கு வார இறுதிதான் உண்டு. அதுவும் சபாவில் தேதி கிடைத்தால்தான். அரங்கேற்றத்துக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் வாரக்கணக்கில் இடைவெளி விழுகிறது. நான்கைந்து மேடையேற்றத்தோடு மூட்டை கட்டப்படும் நாடகங்கள் எத்தனையோ. ஹால் வாடகை, ஒலி, ஒளி, செட் வண்டி என்று செலவு ஏறுகிறது. குழுவில் ஒருவருக்கு வேலையில் ஷிஃப்ட் மாறினாலே தேதி தள்ளிப்போகிறது. ‘குரல் கேட்கவில்லை’ என்ற குறையைச் சரி செய்யக் காத்திருக்கும் நடிகருக்கு, சரி செய்து காட்ட மேடை இல்லை. அந்தக் குறை அவர் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்த நாடகத்தில் அவருக்குச் சின்ன வேடம். அதற்கடுத்ததில் அவரே ஒதுங்கிக்கொள்கிறார். திட்டு வாங்கியதால் மட்டும் மேடையை விட்டவர்கள் குறைவு. திரும்ப ஏற வாய்ப்பில்லாமல் விட்டவர்களே அதிகம் இருப்பார்கள்.

விமர்சகருக்கும் இதில் பங்கு உண்டு. எந்தக் காட்சி, எந்த வசனம், எந்த வரிசையிலிருந்து பார்த்தது என்று சொல்லி எழுதினால் நடிகர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போகலாம். ஆனாலும் தீர்வு குழுக்களிடம்தான் இருக்கிறது. அரங்கேற்றத் தேதியோடு இரண்டாவது, மூன்றாவது காட்சிகளின் தேதியையும் முடிவு செய்துவிட வேண்டும். பெரிய ஹால் கிடைக்காவிட்டால் குடியிருப்புச் சங்கத்தின் சமுதாயக் கூடமோ கல்லூரி அரங்கமோ போதும். அதுவும் முடியாதபோது, அரங்கேற்றத்துக்கு முன் நான்கு பேரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து முழு ஒத்திகை நடத்தலாம். கடைசி ‘லை’ காதில் விழுந்ததா என்று அந்த நால்வரையே கேட்டுவிட்டால், விமர்சகர் எழுத வேண்டிய குறைகளில் பாதி முன்கூட்டியே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு இரண்டாவது காட்சி இருக்கிறது.