எதிரியின் எலும்பில் ஒரு கோடரி

ஆவுடையார்கோவில் கருவறையில் சாமிக்கு உருவம் கிடையாது. ஆவுடை மட்டும்தான் இருக்கிறது, அதன்மேல் லிங்கம் இல்லை. ஆத்மநாதர் என்று பெயர். கையே இல்லாதவருக்கு ஆயுதம் ஏது? மண்டபத்துப் பக்கம் வந்தால் நேர்மாறு. அகோர வீரபத்திரரும் ரண வீரபத்திரரும் தூணிலிருந்து பிதுங்கி வெளியே வந்தவர்கள்போல, நம் உயரத்தை மீறி, கை நிறைய ஆயுதங்களோடு நிற்கிறார்கள்.

இந்தச் சிலைகளின் முகக் கோபத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ஓங்கிய கைகளை. கருங்கல் அழுத்தத்தை எவ்வளவோ தாங்கும், இழுவையைத் தாங்காது. அழுத்தம் தாங்கும் வலிமையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் அதன் இழுவை வலிமை இருக்கும். நீட்டிய கையின் மேல்பக்கம் முழுக்க இழுவைதான். கொஞ்சம் தப்பினால் கை விண்டு விழும். அப்படியிருந்தும் ஒரே கல்லில் தூணும் ஆளும் ஆயுதமுமாக எடுத்திருக்கிறார்கள். இங்கே கூரையின் வளைந்த கல் விளிம்பான கொடுங்கையும் அப்படித்தான். அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லப்படுவது சும்மா இல்லை.

கல்லில் நிற்கும் இந்த ராட்சத உருவங்களுக்குத் திரையில் ஒரு பங்காளி உண்டு. 2021-இல் ஆடம் விங்கார்ட் இயக்கத்தில் வந்த ‘காட்ஸில்லா வெர்சஸ் காங்’ படத்தில் காங் என்ற மாபெரும் குரங்கு, பூமியின் வயிற்றுக்குள் தன் முன்னோரின் மண்டபத்தைக் கண்டுபிடிக்கிறது. அங்கே ஒரு கோடரி. அதன் அலகு இரும்பல்ல, கல்லுமல்ல. காங்கின் எதிரியான காட்ஸில்லா என்ற ராட்சத ஊர்வனவின் இனத்தைச் சேர்ந்த ஒன்றின் முதுகுத் தகடு. காட்ஸில்லா கக்கும் அணுக்கதிர் மேலே பட்டால் அந்த அலகு அதைக் குடித்துவிட்டுத் தானும் ஒளிர்கிறது. எதிரியின் உடம்பில் செய்த ஆயுதம் எதிரியின் நெருப்பையே தாங்கும் என்பது கணக்கு.

அந்தத் தகடு எங்கிருந்து வந்தது? 1954 மார்ச் 1-ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் சாம்பல் ‘லக்கி டிராகன்’ என்ற ஜப்பானிய மீன்பிடி படகில் இருந்த 23 பேர்மேல் கொட்டியது. அதே ஆண்டு நவம்பரில் இஷிரோ ஹோண்டாவின் ‘கோஜிரா’, அதாவது முதல் காட்ஸில்லா படம், வெளியானது. அந்த மிருகத்தின் முதுகை அலங்கரித்த தகடுகளுக்கு முன்மாதிரி ஸ்டெகோசாரஸ் என்ற டைனோசர். நமக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது, வழக்கில் இருக்கும் பங்கு: அரியலூர் வட்டாரத்துப் பாறையில் கிடைத்த எலும்புகளை ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1979-இல் தகடு தாங்கிய டைனோசர் என்று அறிவித்து ‘டிராவிடோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். அது டைனோசரே அல்ல, கடல் ஊர்வனவான பிளீசியோசார் என்று பிறகு தொல்லுயிரியலாளர் சங்கர் சட்டர்ஜி மறுத்தார்.

தகட்டைப் பற்றி விலங்கியல் சொல்வது படத்துக்குச் சாதகமாக இல்லை. ஸ்டெகோசாரஸின் தகடு கெட்டி எலும்பல்ல. உள்ளே நுண்துளைகளும் ரத்தக்குழாய்த் தடங்களுமாக இருக்கும். உடம்புச் சூட்டைத் தணிக்கவோ துணையைக் கவரவோ பயன்பட்டிருக்கலாம் என்கிறார்கள். கோடரியாக்கி ஓங்கி ஒரு போடு போட்டால் நொறுங்கிவிடும். காங்கின் முன்னோர் தொடை எலும்பை எடுத்திருந்தால் புத்திசாலித்தனமாக இருந்திருக்கும்.

நம் முன்னோர் அதைத்தான் எடுத்தார்கள். எத்தியோப்பியாவின் கோன்சோ பகுதியில் சுமார் 14 லட்சம் ஆண்டு பழமையான ஒரு கைக்கோடரி கிடைத்தது. 2020-இல் ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். நீர்யானையின் தொடை எலும்பைச் செதுக்கிச் செய்தது அது. இத்தாலியில் யானை எலும்பில் செய்த கைக்கோடரிகளும் கிடைத்திருக்கின்றன. தன்னைவிடப் பல மடங்கு பெரிய விலங்கின் எலும்பைக் கூராக்கிக் கையில் பிடித்த ஆள் திரைக்கதை ஆசிரியர் கற்பனைக்கு முன்பே இருந்தான். ஒரே வித்தியாசம், அவன் ராட்சதன் இல்லை.

ராட்சதனாக இருந்தால் கோடரியைத் தூக்குவதற்கு முன்பே கால் முறிந்திருக்கும். படத்துக் காங்கின் உயரம் 337 அடி, அதாவது மனிதனைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு. உயரம், அகலம், தடிமன் மூன்றும் 60 மடங்கானால் எடை 2,16,000 மடங்காகும். அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ 3,600 மடங்குதான் கூடும். ஆக ஒவ்வொரு சதுர அங்குல எலும்பின்மேலும் 60 மடங்கு சுமை. இந்தக் கணக்கைக் கலிலியோ 1638-லேயே போட்டார். 1926-இல் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஒரு கட்டுரையில் எல்லோருக்கும் புரியும்படி சொன்னார்: பத்து மடங்கு சுமையிலேயே மனிதத் தொடை எலும்பு முறிந்துவிடும். அந்த ஹால்டேன் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானவர்.

உடலியல் கைவிட்ட பிறகும் கோடரி நம்மை ஏன் பிடித்திழுக்கிறது? புராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை பழசு. விருத்திராசுரனைக் கொல்ல இந்திரனுக்கு வஜ்ராயுதம் தேவைப்பட்டபோது ததீசி முனிவர் தன் முதுகெலும்பைக் கொடுத்தார். அது விரும்பித் தந்த ஆயுதம். தாருகாவனத்துக் கதை வேறு. முனிவர்கள் வேள்வி செய்து சிவன்மேல் புலியையும் மழு என்னும் கோடரியையும் மானையும் பாம்பையும் ஏவினார்கள். புலித்தோல் உடையானது, பாம்பு அணிகலனானது, மழு கையில் ஏறியது. அது எதிரியிடமிருந்து பிடுங்கிய ஆயுதம். சூரபத்மன் மயிலும் சேவலுமாகி முருகனுக்கு வாகனமும் கொடியுமானதும் இந்த வகைதான்.

காங்கின் கோடரி முதலில் மழுவின் வகை. பழைய போரில் பிடுங்கியது. கடைசிச் சண்டையில் இயந்திரக் காட்ஸில்லாவை வீழ்த்த முடியாமல் காங் திணறும்போது, உண்மையான காட்ஸில்லாவே தன் அணுக்கதிரை அந்தக் கோடரிமேல் பாய்ச்சுகிறது. அந்த நொடியில் மழு வஜ்ரமாகிறது. பிடுங்கியது, கொடுத்ததாகிவிடுகிறது. படத்தில் மற்றதெல்லாம் இரைச்சல். எனக்குப் பிடித்த இடம் இது ஒன்றுதான்.

இந்திரனின் வஜ்ரம் இடியாயுதம். மின்னலுக்கும் கோடரிக்கும் ஒட்டு இருப்பதாக உலகெங்கும் நம்பினார்கள். நிலத்தை உழும்போது கிடைத்த புதிய கற்காலக் கோடரிகளை இடியோடு விழுந்தவை என்று ஐரோப்பாவிலும் இந்தோனேசியாவிலும் பத்திரப்படுத்தினார்கள். நம் சேர்வராயன் மலையில் அத்தகைய கற்கோடரிகளைப் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டதை நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பதிவு செய்திருக்கிறார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்டவர் அவரே. அதே ஆண்டு கொற்றலையாற்றங்கரையில் அத்திரம்பாக்கத்தையும் கண்டார். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டியெடுத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியானது. நம் இனமான ஹோமோ சேபியன்ஸின் வயது 3 லட்சத்தை ஒட்டித்தான். கோடரி நமக்கு மூத்தது.

ஃபூட் திரட்டியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அத்திரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் பூண்டியில் தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகமும் உண்டு. காங் படம் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளை அடுத்த விடுமுறையில் அங்கே கூட்டிப்போங்கள்.