பாதரசம் தின்னும் நார்த்தூள்

தென்னை, வாழை, தேயிலைக் கழிவுகளுக்கு நீரிலுள்ள நச்சு உலோகங்களைப் பிடித்து நிறுத்தும் திறன் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அமோக வெற்றி. ஆற்றங்கரைக்கு வருவதில்தான் தயக்கம்.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், 22 கொண்டையூசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது பொன்முடி. தேயிலைத் தோட்டங்கள், மூடுபனி, கூழாங்கற்களின் மேல் சலசலத்து ஓடும் கல்லாறு. கையால் அள்ளிக் குடிக்கத் தோன்றும் தண்ணீர். இந்தக் கல்லாறு வாமனபுரம் ஆற்றில் கலக்கிறது. அந்த ஆறு மேற்கே இறங்கி, அஞ்சுதெங்கு, கடினங்குளம் காயல்களை ஒட்டிய கடலோரப் பகுதியை அடைகிறது. அங்கே காட்சியே வேறு. தேங்காய் மட்டைகளை மாதக்கணக்கில் ஊறவைத்ததால் காயல் நீர் கறுத்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். மட்டையிலிருந்து நாரைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் பழுப்பு நிறத் தூள் கரையோரம் மேடு மேடாகக் குவிந்திருக்கும்.

மலையாளிகள் இதைச் சகிரிச்சோறு என்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு நார்த்தூள், நார்க்கழிவு என்று பெயர். ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ வரை இந்தத் தூள் மிஞ்சுகிறது. லிக்னின் என்ற கடினமான பொருள் இதில் அதிகம் இருப்பதால் எளிதில் மக்காது. மழை பெய்தால் சாயம் கரைந்து கிணற்றில் இறங்கும், வெயில் அடித்தால் தீப்பற்றும். யாருக்கும் வேண்டாத இந்தக் குப்பையின் மேல்தான் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழக வேதியியல் துறையின் கண் விழுந்தது.

அத்துறையின் டி.எஸ். அனிருத்தனும் அவரது ஆய்வு மாணவர்களும் பல ஆண்டுகளாகத் தாவரக் கழிவுகளை வைத்து நச்சு உலோகங்களை வடிக்கும் முறைகளை ஆராய்ந்து வந்தனர். 2004-ல் வெளியான அவர்களது ஆய்வு, வேதிமாற்றம் செய்த நார்த்தூளால் குரோமியத்தைப் பிடித்தது. 2006-ல் வாழைத் தண்டின் முறை. அது ஈயத்தையும் காட்மியத்தையும் பிடித்தது. 2007-ல் மறுபடியும் நார்த்தூள். இம்முறை சிக்கியது ஆர்சனிக். 2011-ல் தேங்காயின் தலையில் தொப்பி போல ஒட்டியிருக்கும் காம்புப் பகுதியைக் கரியாக்கி ஈயம், பாதரசம், தாமிரம் மூன்றையும் தொழிற்சாலைக் கழிவுநீரிலிருந்து நீக்கிக் காட்டினார்கள். தென்னையில் வீணாகும் பொருள் எதுவுமில்லை என்று பாட்டி சொன்னதற்கு வேதியியல் சான்று கிடைத்தது போலத்தான்.

கோவையிலும் இதே தேடல் நடந்தது. பாரதியார் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் அறிவியல் துறையின் சி. நமசிவாயம் 1990-களிலேயே இதில் இறங்கிவிட்டார். நிலக்கடலைத் தோலைக் கரியாக்கி காட்மியத்தை நீக்கும் முறை 1994-ல் வெளியானது. 1999-ல் அவரும் கே. கதிர்வேலுவும் நார்த்தூள் கரியைக் கொண்டு பாதரசத்தைப் பிடித்தார்கள். இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமரசிங்க, தேயிலைக் கழிவு ஈயத்தையும் தாமிரத்தையும் உறிஞ்சுவதை இங்கிலாந்து விஞ்ஞானி ஒருவருடன் சேர்ந்து 2007-ல் நிறுவினார்.

தேயிலைக்கு இந்தக் குணம் கோப்பைக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வினாயக் திராவிட் குழு 2025-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று முதல் ஐந்து நிமிடம் தேயிலை ஊறினால் நீரிலுள்ள ஈயத்தில் சுமார் 15 சதவீதம் இலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. குடிப்பவர் இலையை எறிந்துவிடுகிறார், கூடவே ஈயமும் போய்விடுகிறது. அதற்காக ஈயம் கலந்த தண்ணீரில் தேநீர் போட்டால் போதும் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. மீதி 85 சதவீதம் கோப்பையில்தான் இருக்கிறது.

எப்படி ஒட்டுகிறது?

தாவரத்தின் உடல் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகியவற்றால் ஆனது. இவற்றின் மேற்பரப்பில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் எனப்படும் வேதித் தொகுதிகள் கொக்கிகள் போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீரில் கரைந்த ஈயமும் காட்மியமும் நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகள். அவை கொக்கியில் இருக்கும் ஹைட்ரஜனையோ கால்சியத்தையோ தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நீரில் அமிலம் அதிகமானால் ஹைட்ரஜன் அயனிகள் போட்டிக்கு வரும், உலோகம் ஒட்டாது. ஆறு விலக்கப்பட்ட குரோமியத்தின் போக்கு இதற்கு நேர் எதிர். அது எதிர்மின்னூட்டம் கொண்ட குரோமேட்டாக நீரில் இருப்பதால் அமிலத்தன்மையில்தான் நன்றாகச் சிக்கும்.

இந்தக் குணம் இன்னொரு வழியிலும் கைகொடுக்கிறது. உலோகம் ஏறிய தூளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் பல உலோகங்கள் கழன்று வந்துவிடும். தூளை மறுபடி பயன்படுத்தலாம். அமிலத்தில் செறிந்த உலோகத்தைத் தனியே மீட்கவும் வாய்ப்பு உண்டு.

வழக்கமான முறையில் ஆலைகள் கழிவுநீரில் சுண்ணாம்பைக் கொட்டி உலோகத்தை வண்டலாகப் படிய வைக்கின்றன. செறிவு அதிகமுள்ள நீருக்கு இது போதும். கடைசியில் தங்கும் துளி உலோகத்தைப் பிடிக்க இதனால் முடிவதில்லை. அயனிப் பரிமாற்றப் பிசின்கள் பிடிக்கும், ஆனால் விலை அதிகம். தாவரக் கழிவுக்கு இடம் இருப்பது இந்த இடைவெளியில்தான்.

அந்தத் துளி சாதாரணத் துளி அல்ல. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதிப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காட்மியத்துக்கு வரம்பு 0.003, பாதரசத்துக்கு 0.001. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், காட்மியம் சிறுநீரகத்தைத் தாக்கும். பாதரசம் நரம்பு மண்டலத்தை என்ன செய்யும் என்பதை 1956-ல் ஜப்பானின் மினமாட்டா உலகுக்குக் காட்டியது. சாக்கடையின் மற்ற அழுக்குகள் நாளடைவில் சிதைந்துவிடும். உலோகம் சிதையாது, வண்டலுக்குப் போகும், மீனுக்குப் போகும், தட்டுக்கு வரும்.

தென்னகத்தில் இது வெறும் அச்சம் அல்ல. பெரியாற்றின் கரையில் ஏலூர், எடையார் தொழிற்பேட்டைகளைக் கொண்ட கொச்சிப் பகுதியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. கொச்சிக் காயலின் வண்டலில் துத்தநாகமும் காட்மியமும் படிந்திருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற நச்சுக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகம். அதிலிருந்து கசிந்த குரோமியம் சுற்றுப்புற நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது.

வியாதி தெரியும், மருந்தும் குப்பைமேட்டில் கிடக்கிறது. பிறகு ஏன் தாமதம்?

முதல் காரணம், ஆய்வுக்கூட நீருக்கும் ஆலை நீருக்கும் உள்ள வித்தியாசம். சோதனைகளில் பெரும்பாலானவை சுத்தமான நீரில் ஒரே ஒரு உலோகத்தைக் கலந்து செய்யப்படுபவை. நிஜக் கழிவுநீரில் உப்பு, எண்ணெய், சாயம், அரை டஜன் உலோகங்கள் என எல்லாம் இருக்கும். அத்தனையும் ஒரே கொக்கிக்கு அடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, தூளின் சுபாவம். பதப்படுத்தாத நார்த்தூள் தானே சாயத்தை நீரில் கசியவிடும். ஒரு மாசை எடுத்து இன்னொன்றைச் சேர்த்த கதையாகிவிடும். மிக நுண்ணிய தூளைக் குழாயில் நிரப்பினால் அடைத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்கத்தான் கரியாக்குகிறார்கள், அமிலத்தில் பதப்படுத்துகிறார்கள், வேறு வேதிப்பொருளை ஒட்டவைக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் செலவு ஏறுகிறது. இலவசக் குப்பை இலவசமாக இருப்பதில்லை.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி. காட்மியம் ஏறிய நார்த்தூளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? வயலில் உரமாகப் போட முடியாது. திறந்த வெளியில் எரித்தால் உலோகம் புகையிலும் சாம்பலிலும் வெளியேறும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அதைத் தனியாகக் கையாள வேண்டியிருக்கும். கழுவி மீட்டாலும் மிஞ்சும் அமிலத்துக்கு ஒரு வழி வேண்டும். இந்தக் கடைசிப் படிக்குக் கணக்குப் போடாத எந்தத் திட்டமும் ஆற்றில் இருந்த விஷத்தைக் கரைக்கு மாற்றுவதோடு நின்றுவிடும்.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. தேங்காய்ச் சிரட்டைக் கரி இன்று வீட்டுக் குடிநீர் வடிகட்டிகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் அடுப்பெரிக்கும் பொருளாக மட்டுமே இருந்ததுதான். சிரட்டைக்கு வாங்குபவர் இருந்தார், தரம் நிர்ணயிக்கப்பட்டது, ஆலை வந்தது. நார்த்தூள் இதுவரை ஏறியிருப்பது உரக்கடைக்கும் நாற்றங்காலுக்கும்தான். ஆலப்புழை கலவூரில் உள்ள மத்தியக் கயிறு ஆராய்ச்சி நிலையம் அதைக் காளான் வித்து மூலம் மக்கவைக்கும் முறையைப் பரப்பியது.

உலோகம் பூசும் சிறு பட்டறைகளும் தோல் பதனிடும் கூடங்களும் பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்ட வழியில்லாதவை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசித் தொட்டியில் நார்த்தூள் கரியை வைத்து, நிஜக் கழிவுநீரை மாதக்கணக்கில் ஓடவிட்டு, ஏறிய உலோகத்துக்கும் செலவான ரூபாய்க்கும் கணக்கு எழுதினால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. தேவை, அந்தத் தொட்டிக்கு இடம் கொடுக்கும் ஒரு ஆலையும், அதன் கணக்கைக் கேட்டு வாங்கும் ஒரு வாரியமும்தான்.