ஆண் மீனின் வயிற்றில் சினை

இங்கிலாந்தில் தேம்ஸோடு சேரும் லீ ஆற்றுப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்கு 1970களின் பிற்பகுதியில் விநோதமான ரோச் மீன்கள் கிடைத்தன. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத மீன்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஒட்டிய நீரில் வளர்ந்தவை.

அந்த நீரில் என்னதான் இருக்கிறது? பிரூனல் பல்கலைக்கழகத்தின் ஜான் சம்ப்டரும் சக ஆய்வாளர்களும் மீனையே கேட்டார்கள். டிரவுட் மீன்களைக் கூண்டில் அடைத்து, நிலையங்களிலிருந்து வெளியேறும் நீரில் இறக்கினார்கள். சில வாரங்களில் ஆண் மீன்களின் ரத்தத்தில் வைட்டலோஜெனின் மளமளவென்று ஏறியது. இது முட்டையின் மஞ்சள் கருவுக்காகப் பெண் மீனின் ஈரல் சுரக்கும் புரதம். இதற்கான மரபணு ஆணிடமும் உண்டு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் வந்து எழுப்பும்வரை அது உறங்கிக் கிடக்கும். யாரோ எழுப்பியிருக்கிறார்கள்.

1998இல் ஆய்வாளர் சூசன் ஜாப்ளிங்கின் குழு எட்டு ஆறுகளின் ரோச் மீன்களை அறுத்துப் பார்த்தது. ஏர், நென் ஆறுகளில் நிலையங்களுக்குக் கீழே பிடித்த ஆண்கள் அத்தனையும் இருபால் கலந்தவை. சிலவற்றின் விந்துச் சுரப்பிக்குள்ளேயே சினை முட்டைகள் இருந்தன. கடுமையாகப் பாதிக்கப்பட்டவற்றுக்கு இனப்பெருக்கத் திறனும் குறைந்தது.

கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனான எத்தினில் ஈஸ்ட்ரடயால் எளிதில் சிதையாது, வீரியமும் அதிகம். அதற்காக மாத்திரை போடும் பெண்கள்மேல் பழி போடுவது அநியாயம். மனித உடல் இயல்பாகக் கழிக்கும் ஈஸ்ட்ரோஜனும் அதே சாக்கடையில்தான் போகிறது. ஏர் ஆற்றில் கம்பளி ஆலைகளின் சோப்புச் சரக்குக்கும் பங்குண்டு, அதன் எச்சமும் ஈஸ்ட்ரோஜன்போல் நடிக்கும். மனித உடல் ஈஸ்ட்ரோஜனோடு ஒரு சர்க்கரை வகை மூலக்கூறை ஒட்டி, முடக்கித்தான் வெளியே அனுப்புகிறது. வழியில் பாக்டீரியாக்கள் அந்த ஒட்டைப் பிய்த்துவிட, முடங்கிய ஹார்மோன் மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. நீர் தெளிந்திருக்கும், நாற்றம் போயிருக்கும், ஹார்மோன் மிஞ்சியிருக்கும்.

எவ்வளவு மிஞ்சினால் ஆபத்து? கனடாவின் ஒண்டாரியோவில் ஓர் ஆய்வு ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகளில் எத்தினில் ஈஸ்ட்ரடயால் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம். அதாவது நூறு கோடி லிட்டர் நீரில் ஐந்தாறு கிராம். ஆண்கள் பெண்தன்மை அடைந்தன, குஞ்சுகள் பிறக்கவில்லை. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீன் ஏறக்குறைய அற்றே போனது. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் அது மீண்டும் பெருகியது.

ஆற்றில் அப்படி நிறுத்திவிட முடியாது. கழிவுநீர் நாள்தோறும் வந்துகொண்டேதான் இருக்கும். சுத்திகரிப்பில் இன்னொரு படி சேர்க்கத்தான் முடியும். ஓசோனும் கிளர்வூட்டிய கரியும் இந்த எச்சத்தைப் பெருமளவு நீக்குகின்றன. சுவிட்சர்லாந்து 2016 முதல் தேர்ந்தெடுத்த நிலையங்களில் இதைச் சட்டமாக்கியிருக்கிறது. அதற்கு அங்கே வசூலிக்கும் கட்டணம் ஆளுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 9 பிராங்க்.