டெங்கு வரைபடமும் மூடிக் கிடக்கும் வீடுகளும்

யாழ்ப்பாணத்தில் மாரி மழையோடு டெங்குப் பேச்சும் தொடங்கிவிடும். வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் பிடிக்கும். டிசம்பர், ஜனவரியில் நோயாளர் தொகை ஏறும். "எங்கட தெருவில ஒன்பது பேர், பக்கத்துத் தெருவில நாலே பேர். அப்ப எங்கட பக்கந்தான் மோசம்" என்று பள்ளிவாசல் முற்றத்தில் கதைப்பதை நானும் கேட்டிருக்கிறேன். அந்த "அப்ப" சரிதானா?

ஒவ்வொரு நோயாளியின் வீட்டையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக இடுவோம். இப்படித் தற்செயலாக விழும் புள்ளிக் கூட்டத்தைக் கணிதத்தில் புள்ளிச் செயன்முறை என்பார்கள். புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும். ஓரிடத்தில் சராசரியாக எத்தனை விழக்கூடும் என்ற அளவு, அதாவது செறிவு, தெரியாது. அதைப் புள்ளிகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இரண்டு தெருவும் சம அளவு, சம ஆபத்து என்று வைத்து, அந்தப் 13 பேரையும் நாணயம் சுண்டிப் பிரித்துப் பாருங்கள். ஒன்பதுக்கு நாலு அல்லது அதைவிடக் கூடிய வித்தியாசம் நாலு தடவைக்கு ஒரு தடவைக்கு மேலேயே வரும். டெங்குவில் ஒருவருக்கு வந்தால் அயலுக்கும் தொற்றும் என்பதால் ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். ஆகவே ஒன்பதை மட்டும் வைத்து ஒரு தெருவைப் பழி சொல்ல ஏலாது.

செறிவை மதிப்பிட ஒரு வழி, ஒவ்வோர் இடத்தைச் சுற்றியும் வட்டம் போட்டு, உள்ளே விழுந்த புள்ளிகளை எண்ணிப் பரப்பால் வகுப்பது. வட்டம் சிறிதென்றால் தற்செயலெல்லாம் மலையாகத் தெரியும்; பெரிதென்றால் சோனகதெருவும் நல்லூரும் ஒரே நிறமாகிவிடும். டெங்கு நுளம்பு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே திரிவதால், அந்த அளவு ஆரை பொருந்தும். ஆனால் குருநகர், நாவாந்துறைக் கரையில் வட்டத்தின் ஒரு பங்கு கடலேரிக்குள் போய்விடும். தண்ணியில வீடு இல்லையே! அங்கே தரைப்பரப்பால் மட்டும் வகுக்காவிட்டால் கரையோரச் செறிவு பொய்யாகக் குறையும். உவர்நீரில் இந்த நுளம்பு பெருகாது என்று கரையை விட்டுவிடவும் முடியாது: பெருகும் என்பதை ரஞ்சன் ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எஸ். என். சுரேந்திரனும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இதெல்லாம் எந்த ஊருக்கும் உள்ள சிக்கல். எங்களுக்கென்று இன்னொன்று இருக்கிறது. பரப்பால் வகுத்தால் சனம் நெருங்கிய இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும். ஆபத்தை அறிய ஆட்தொகையால் வகுக்க வேண்டும். 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட சமூகத்தின் ஆட்தொகை எது? 2009க்குப் பிறகு திரும்பியவர்களில் பலருக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் புத்தளத்தில். பதிவு இங்கும் இருப்பு அங்கும் என்றால் பகுதி எண் வீங்கி, ஆபத்து குறைவாகத் தெரியும். பதிவு அங்கும் இருப்பு இங்கும் என்றால் எதிர்மாறு.

புள்ளியும் இடம் மாறலாம். ஆஸ்பத்திரியின் அறிவித்தல் படிவம், நோயாளி கொடுக்கும் முகவரிக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும், அங்கிருந்து பி.எச்.ஐ. வீடு தேடி வருவார். அடையாள அட்டையில் உள்ள புத்தளத்து முகவரியைக் கொடுத்தால், எங்கள் ஒழுங்கையின் புள்ளி புத்தளத்தில் விழும். புகையடிக்கிற மெஷின் இங்கே ஏன் வரப்போகிறது?

மூடிய வீடுகளையும் சேர்க்க வேண்டும். ஆளில்லாததால் அவை பகுதியிலும் இல்லை, தொகுதியிலும் இல்லை. ஆனால் அவற்றின் தொட்டியிலும் அடைபட்ட பீலியிலும் நுளம்பு பெருகும். கடி வாங்குவது பக்கத்து வீட்டுப் பிள்ளை.

பள்ளிவாசல் சந்தா இடாப்பு குடும்பங்களைச் சொல்லும், யார் இப்போது இங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லாது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. ஆகவே கார்த்திகை தொடங்கமுன் ஒழுங்கை ஒழுங்கையாக மூன்று எண்கள் எடுத்தால் போதும்: பகலில் இருப்போர், மத்ரஸாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வெளியிலிருந்து வரும் பிள்ளைகள், பூட்டிய வீடுகள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நாலு இளைஞர்கள் இறங்கினால் மஃரிபுக்கு முன் முடிகிற வேலை.