கொத்சு வைக்கத் தெரிந்தால் பழந்துணி உடுத்தலாம்

சிதம்பரம் நடராஜர் கோயிலில் நைவேத்தியமாகும் சம்பா சாதத்தைப் பார்த்தால் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படாது. சோறு, மிளகு, சீரகம், நெய். அதன் பக்கத்தில் ஒரு கரண்டி கத்தரிக்காய்க் கொத்சு விழுந்ததும் இலை நிறைந்துவிடும். பழைய துணிகளை வைத்து வண்ணமாகவும் தனக்கே உரிய விதமாகவும் உடுத்த விரும்புகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கணக்கைத்தான். எத்தனை நிறம் என்பது பெரிதில்லை. எது எவ்வளவு என்பதுதான் எல்லாம்.

சம்பா சாதத்திலிருந்து தொடங்குவோம். உடம்பின் பாதிக்கு மேல் அடக்கமான துணி இருக்க வேண்டும்: வெள்ளை வேட்டி, பழுப்பேறிய வெள்ளைப் பருத்திப் பேன்ட், சாம்பல் நிறப் பாவாடை. பழைய துணிக் குவியலில் கண்ணைப் பறிக்கும் பூப்போட்ட சட்டையை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். சோறாக நிற்கும் துணியைத்தான் யாரும் தேடுவதில்லை. பிறகு வீட்டுக்கு வந்து பூச்சட்டையையும் கட்டம் போட்ட பேன்ட்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்து, பழந்துணி நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். குறை துணியில் இல்லை. இலையில் சோறு போடாமல் கொத்சுவை மட்டும் ஊற்றிக்கொண்டதுதான் குறை.

அடுத்தது கத்தரிக்காய். கொத்சுவில் எத்தனை சாமான் சேர்ந்தாலும் அது கத்தரிக்காய்க் கொத்சுதான். உடையிலும் அப்படித் தலைமை தாங்கும் துணி ஒன்றே ஒன்று இருக்கட்டும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலி இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன கட்டம் போட்ட கைலியை மூட்டுப் பிரித்துத் தைத்தால் அரைக்கைச் சட்டை ஆகும். அந்த மென்மை புதுத்துணியில் வராது. கொள்ளிடம் தாண்டி மயிலாடுதுறையில் கூறைநாடு இருக்கிறது. பட்டும் பருத்தியும் கலந்து நெய்த அந்த ஊர்க் கூறைப் புடவையை உடுத்தி மணமேடை ஏறிய பாட்டிகளும் அத்தைகளும் இந்தப் பக்கத்தில் நிறைய. கரை நைந்தாலும் உடல் நன்றாக இருக்கும் கூறைப் புடவை ஒரு நீளக் குர்தாவுக்கு ஏற்றது. மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி என்று வெளியூர்ச் சரக்கும் கல்யாணம் வழியாக வந்து பெட்டியில் உறங்கிக்கொண்டிருக்கும்.

1960, 70களின் நைலக்ஸ் புடவைகளும் டெரிலின் சட்டைகளும் வேறு ரகம். சாயம் அவ்வளவாக வெளுக்காது, பூக்கள் பெரிது பெரிதாக இருக்கும், படம் எடுத்தால் அழகாக விழும். ஆனால் நம் கடற்கரைப் புழுக்கத்தில் அதை மே மாதப் பகலில் போடுவது உடம்பை வேகவைப்பதாகும். மார்கழி மாலைக்கு எடுத்து வையுங்கள். மற்ற நாளெல்லாம் பருத்திதான் என்பது என் தீர்ப்பு.

புளி இல்லாத கொத்சு வழவழவென்று வாயில் நிற்கும். உடையில் புளியின் வேலையைச் செய்வது எதிர்நிறம். அரக்குக்கு இலைப்பச்சை, கத்தரிப்பூ நிறத்துக்கு மஞ்சள், நீலத்துக்குச் செம்மண் நிறம். காஞ்சிபுரம் நெசவாளர்கள் கோர்வை முறையில் உடலை ஒரு நிறத்திலும் கரையை இன்னொரு நிறத்திலும் நெய்து பிணைப்பது இந்த அறிவில்தான். அந்தப் புடவையில் உடல் எவ்வளவு, கரை எவ்வளவு என்று அளந்து பாருங்கள். எதிர்நிறத்துக்கு அந்த அளவு போதும். துப்பட்டா, தோளில் போடும் துண்டு, ரவிக்கை இவற்றில் ஏதாவது ஒன்று.

கடைசியில் கொத்சுவில் ஒரு துளி வெல்லம் போடுவார்கள். தனியாகத் தெரியாது, ஆனால் புளிப்பையும் காரத்தையும் சேர்த்துக் கட்டுவது அதுதான். தலைமைத் துணியில் இருக்கும் சின்ன நிறம் ஒன்றைப் பார்த்து எடுத்து, உடம்பின் வேறொரு இடத்தில் திரும்ப வையுங்கள். கைலிக் கட்டத்தில் மெல்லிய மஞ்சள் கோடு ஓடினால் மஞ்சள் பொத்தான் தைக்கலாம், மஞ்சள் சுருக்குப்பை எடுத்துக்கொள்ளலாம். வெவ்வேறு வீட்டிலிருந்து, வெவ்வேறு காலத்திலிருந்து வந்த துணிகள் ஒருவருக்காகவே தைத்தவைபோல ஆவது இந்த இடத்தில்தான். பெருங்காயம் அவரவர் கைப்பக்குவம்: அம்மாவின் பழைய கைக்கடிகாரம், தாத்தாவின் அங்கவஸ்திரம், பள்ளிக்கூட நாளில் வாங்கிய பாசிமணி. அதற்கு அளவு சொல்ல எனக்கு உரிமையில்லை.

சமைப்பதற்கு முன் காய் பொறுக்க வேண்டுமே. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவிலோ சிதம்பரம் தேர் வீதிகளிலோ புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ, வீட்டுப் பரணிலேயோ கூட, கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோலத் துணியைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழை தேய்ந்த இடம் சல்லடையாகத் தெரியும். அக்குள், காலரின் உள்மடிப்பு, பேன்ட்டின் கவட்டுத் தையல் இந்த மூன்றும்தான் முதலில் போகும். அக்குளில் நைந்ததை எடுக்காதீர்கள். பொத்தான் இல்லாததையும் ஓரம் பிரிந்ததையும் தயங்காமல் எடுங்கள். உடலுக்குச் சரிவருமா என்று பார்க்கத் தோள்பட்டையை மட்டும் அளந்தால் போதும். நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். நம்மூர்த் தையற்காரர்கள் ரவிக்கையில் உள்தையல் விட்டுத் தைக்கும் வழக்கத்தால் பிரித்துத் தளர்த்தவும் செய்யலாம். தோள் பொருந்தாத சட்டையைச் சரிசெய்வது புதிதாகத் தைப்பதற்குச் சமம்.

சாயம் போகுமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, துணியின் உள்பக்க மடிப்பில் வைத்து அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துணிக்குத் தனி வாளி. சாயம் போவது எப்போதும் கேடு என்றும் சொல்ல முடியாது. நம் கரையோரத் தறிகளிலிருந்து போன மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை 1960களில் அமெரிக்காவில் விற்றபோது, துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்து புதுநிறம் காட்டும் என்பதையே பெருமையாக விளம்பரப்படுத்தினார்கள். வெளுத்த நிறங்கள் ஒன்றோடொன்று எளிதில் சேரும். வெயில் எல்லாவற்றின் கூர்மையையும் ஒரே மாதிரி மழுக்கிவிட்டிருப்பதால், பழைய சிவப்பும் பழைய நீலமும் பக்கத்தில் நின்றாலும் அடித்துக்கொள்வதில்லை. உப்புநீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். அதை நம்பி வெள்ளைத் துணியோடு சேர்த்துப் போடாதீர்கள்.

கொத்தமல்லி விதையையும் மிளகாயையும் வறுத்துப் பொடித்த பிறகே கொத்சுவில் சேர்ப்பதுபோல, வாங்கிவந்த ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகத் துவைத்து வெயில் காட்டிய பிறகே மற்றதோடு சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஊர்களில் ஈரம் சுவரிலேயே ஏறும். கஞ்சி போட்ட துணியை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்தால் பூச்சியும் பூஞ்சணமும் வரும். கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள். பட்டை மெல்லிய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றிப் போடுங்கள். பழம்பட்டு கிழிவது பெரும்பாலும் மடிப்பில்தான்.

அப்படிக் கிழிந்த பட்டு எங்கே போகிறது? பழைய பட்டுப்புடவை வாங்குவோம் என்று தெருவில் குரல் கேட்கும். அசல் சரிகையில் பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றிப் பொன்முலாம் பூசியிருப்பதால், வாங்குகிறவர்கள் புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு நெசவாளர் பல நாள் தறியில் உட்கார்ந்து நெய்தது சில நிமிடத்தில் சாம்பல். சாதாரணப் புடவைகள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்குக் கைமாறுகின்றன. கரையும் முந்தானையும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். வெட்டியெடுத்து அடக்கமான பருத்திக் குர்தாவில் வைத்துத் தைத்தால் இன்னொரு தலைமுறைக்கு வரும்.

பழந்துணி என்றதும் கடலூர்க் கடற்கரையில் வேறொன்றும் நினைவுக்கு வரும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களுக்கு நாடெங்கிலுமிருந்து உதவி வந்தது. அதோடு லாரி லாரியாகப் பழைய துணியும் வந்தது. கிழிந்தது, அழுக்கானது, இந்தப் பருவத்துக்கே ஆகாத கம்பளி. எல்லாம் இழந்து நின்ற மக்கள் அதைத் தொட மறுத்தார்கள். கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் சாலையோரம் துணி குவிந்து கிடந்தது. 1999இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, அப்படி ஒதுங்கிய துணிகளைத் தமிழ்நாட்டில் திரட்டிப் பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுபோனது. மறுத்தவர்களைச் சிலர் குறை சொன்னார்கள். நான் மறுத்தவர்கள் பக்கம். பழந்துணி கொடுப்பது நெடுங்காலம் மேலிருந்து கீழே போடும் செயலாகவே நம் ஊரில் இருந்துவந்தது. வாங்கியவருக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு இருந்ததில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் தோழியின் தாவணியை இரவல் வாங்கி ஒருத்தி உடுத்துவது மகிழ்ச்சியாக இருப்பதற்குக் காரணம், அதை அவளே கைநீட்டித் தேர்ந்தெடுத்தாள் என்பதுதான்.

ஆகவே இந்தத் தீபாவளிக்குப் பெட்டியை ஒழிக்கும்போது, பாத்திரக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் வெயிலில் விரித்து ஒருமுறை பாருங்கள். சோறாகும் துணி எது, கத்தரிக்காயாகும் துணி எது என்று பிரித்து, உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவருக்குக் கொடுப்பதாக இருந்தால் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்து, அவர் முன்னால் பரப்பி வையுங்கள். எது வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.