கீழாநெல்லியும் காமாலையும்

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரும் (கேரளத்தார் அல்ல, தமிழ் பேசுகிறவர்கள்), கீழே அரியலூர்ப் பக்கம் முந்திரியும் பருத்தியும் போடுகிற குடியானவர்களும் ஒரு பச்சிலையில் ஒத்துப்போகிறார்கள். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி. வேரோடு பிடுங்கி அரைத்து, வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் குடிக்க வேண்டும். உப்பில்லாப் பத்தியம் வேறு.

வரப்போரத்தில் முழங்காலுக்கும் கீழே நிற்கிற செடி. இலைக்கொத்தைத் திருப்பிப் பார்த்தால் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். பொழுது சாய்ந்தால் இலைகள் மூடிக்கொள்ளும்.

வெவ்வேறு சமூகத்தார் ஒரே நோய்க்கு ஒரே செடியைக் காட்டினால் ஆய்வாளர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். மலையும் சமவெளியும் ஒரே சந்தையில் கூடுகிற ஊரில், அது ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டதாகவும் இருக்கலாம். பிரேசிலிலோ இதே செடிக்குக் கல்லுடைப்பான் என்று பெயர். அங்கே அது சிறுநீரகக் கல்லுக்கு மருந்து.

சோதித்தும் பார்த்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லித் தூள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் ஊரில் குணமானவர்கள்? காமாலை என்பது ஒரே நோய் அல்ல. தண்ணீர் வழியே தொற்றும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். பெயர் மட்டும் மோருக்குப் போய்ச் சேரும். பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளிக்கும். அதற்குப் பத்தியம் உதவாது. மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கீழாநெல்லியும் ஒரே செடி அல்ல. அந்தப் பெயரில் பறிக்கப்படுபவை ஒரே பேரினத்தின் பல இனங்கள். லான்செட் ஆய்வில் வந்த ‘பில்லாந்தஸ் அமாரஸ்’ அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து பரவியது என்றே தாவரவியலாளர் பலரும் கருதுகிறார்கள். அப்படியானால் அது வருமுன் நம் வைத்தியர்கள் பறித்தது அதன் உள்ளூர் உறவு ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.