அமோனியா நடத்திய ஹாக்கி லீக்

மேட்டூர் மீனைப் பெட்டியில் அடுக்கும்போது இடையிடையே போடுகிற ஐஸ், கம்பெனியில் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் உருவாகிறது. அமோனியா வாயுவைக் கம்ப்ரசர் அழுத்துகிறது. சூடேறிய வாயு தண்ணீரால் குளிர்ந்து திரவமாகிறது. வால்வு தாண்டி அழுத்தம் தளர்ந்ததும் மறுபடி ஆவியாகி, உப்புநீரின் சூட்டை உறிஞ்சிவிடும். உப்பு இருப்பதால் அந்நீர் பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாது. அதில் முங்கி நிற்கும் தகர டப்பாக்களில் உள்ள நல்ல தண்ணீர்தான் பாறையாகும்.

இதே இயந்திரத்தை நம்பிக் கனடாவில் ஓர் ஐஸ் ஹாக்கி லீக் நடந்தது. மாண்ட்ரியால் பக்கம் குளிர்காலத்தில் குளமே ஆட்டக்களம். பசிபிக் கரையிலோ மழைதான். லெஸ்டர், ஃபிராங்க் பேட்ரிக் என்ற அண்ணன் தம்பி, அப்பா மர வியாபாரத்தை விற்ற பணத்தில் 1911-இல் வான்கூவரிலும் விக்டோரியாவிலும் செயற்கை ஐஸ் அரங்குகள் கட்டினார்கள். தளத்துக்கடியில் இரும்புக் குழாய்களை நெருக்கிப் பதித்து உப்புநீரை ஓடவிட்டு, மேலே தண்ணீரைப் படலம் படலமாகத் தெளித்து உறையவைக்க வேண்டும். ஓர் அங்குல கனமே போதும். கூடினால் மேற்பரப்புக்குக் குளிர் சரியாக எட்டாது, கம்ப்ரசருக்கும் வேலை அதிகம்.

1912 ஜனவரி 2 அன்று அவர்கள் தொடங்கிய பசிபிக் கோஸ்ட் ஹாக்கி அசோசியேஷன் லீக்கின் முதல் ஆட்டம். மூன்றே அணிகள். அரங்கு சொந்தம், லீக்கும் சொந்தம் என்பதால் விதிகளையும் துணிந்து மாற்றினார்கள்: நீலக்கோடுகள் வரைந்தார்கள், முன்னால் நிற்பவருக்குப் பக் எனும் வட்டைத் தள்ள அனுமதித்தார்கள், கோல்கீப்பர் விழுந்து தடுக்கலாம் என்றார்கள், பெனால்டி ஷாட்டும் தந்தார்கள். கிழக்கத்திக் கிளப்புகள் முதலில் முகம் சுளித்தன. பிறகு இவற்றையே எடுத்துக்கொண்டன. 1917-இல் இந்த லீக்கின் சியாட்டில் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. அமெரிக்க அணி ஒன்றுக்கு அதுவே முதல்முறை. 1919-இல் அந்தக் கோப்பையின் இறுதிப்போட்டியை ஃப்ளூ காய்ச்சல் பாதியில் நிறுத்தியது.

1924-இல் சியாட்டில் அரங்கு கார் நிறுத்துமிடமானது, லீக் கலைந்தது. எஞ்சிய இரண்டு அணிகள் பக்கத்து லீக்கில் சேர்ந்தன. 1926-இல் அதுவும் படுத்துவிட, வீரர்களின் ஒப்பந்தங்கள் கிழக்கே விலைபோயின. மெஷின் கைவிடவில்லை; ஆனால் நியூயார்க், சிகாகோ பணத்தோடு சிறு நகரங்களின் டிக்கெட் காசு எப்படி மல்லுக்கட்டும்?

இந்தியாவில் இந்த ஆட்டம் பெரும்பாலும் லடாக்கின் உறைந்த குளங்களில் வளர்ந்தது. லடாக் பெண்கள் நிறைந்த நம் அணி 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் கட்டிய செயற்கை ஐஸ் அரங்கோ ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அவ்வளவு பெரிய கம்ப்ரசருக்குக் கரண்ட் பில் சும்மாவா வரும்? பழுதுபார்த்து 2025-இல் திறந்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே ஆசிய ஸ்கேட்டிங் போட்டி அங்கே நடந்தது.